கணக்கு முடிக்க வேண்டிய மாதம்

ஷஃபான் பிறை தெரிந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் வேலை சூடு பிடித்துவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். தராவீஹ் தொழவைக்க எந்த ஹாஃபிழை அழைப்பது என்று பேசி முடிப்பார்கள். நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் பச்சரிசிக்கு விண்ணப்பம் எழுதுவார்கள். எந்த நாள் கஞ்சி யார் பொறுப்பு என்று நோட்டில் பெயர்கள் ஏறும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, பழவேற்காடு, திருவள்ளூர் என்று எங்கே போனாலும் இதே சுறுசுறுப்புத்தான். எல்லாமே நல்ல வேலைகள். ஆனால் ரமலானுக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தப் பட்டியலில் இல்லை. யாருக்கு நான் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, யார் மனதை எப்போது நோகடித்தேன், அதைச் சரி செய்தேனா இல்லையா என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் அந்த முதல் வேலை. இந்த வயதில் இளையவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்வேன்.

ஷஃபானுக்கும் பாக்கி தீர்ப்பதற்கும் தொடர்பு உண்டு. முந்தைய ரமலானில் விட்டுப்போன களா நோன்புகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஷஃபானில் நோற்று முடிப்பார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ரமலானைத் தவிர்த்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிக அதிகமாக நோன்பு வைத்த மாதமும் இதுவே. பராஅத் இரவைப் பற்றி நம் ஜமாஅத்துகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. மூன்று யாஸீன் ஓதுகிறவர்கள் ஓதுகிறார்கள், கூடாது என்பவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. திங்களும் வியாழனும் சொர்க்கத்தின் கதவுகள் திறக்கப்படும், அல்லாஹ்வுக்கு இணைவைக்காத எல்லோருக்கும் மன்னிப்புக் கிடைக்கும், தங்களுக்குள் பகை கொண்ட இருவரை மட்டும் அவர்கள் சமாதானம் ஆகும்வரை விட்டுவையுங்கள் என்று சொல்லப்படும் என்ற கருத்தில் ஒரு நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. அதை மறுக்கும் ஜமாஅத் எதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை திறக்கிற கதவு நமக்கு மட்டும் திறக்காமல் இருக்கக் கூடாது.

பிழைபொறுக்கத் தேடுவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பாதி எளிதுதான். டமாஸ்கஸ் பக்கம் நவா என்ற ஊரில் பிறந்து, 1277-இல் மறைந்த இமாம் நவவி, தமது ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறார். பாவத்தை விட்டுவிட வேண்டும். செய்ததற்காக மனம் வருந்த வேண்டும். இனி செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். தவறு நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மட்டும் இருந்தால் இந்த மூன்றும் போதும். இன்னொரு மனிதனின் உரிமை அதில் கலந்திருந்தால் நான்காவது ஒன்று சேர்கிறது. பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், மானத்தைக் கெடுத்திருந்தால் அவரிடமே போய்ப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். முதல் மூன்றையும் முஸல்லாவில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். நான்காவதற்கு எழுந்து ஒருவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். நம்மில் பலருடைய தவ்பா முஸல்லாவிலேயே நின்றுவிடுகிறது.

நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நபி (ஸல்) சொல்லிவிட்டார்கள். தம் சமுதாயத்தில் உண்மையில் எல்லாம் இழந்தவன் யார் என்று தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்று அவர்கள் சொன்னார்கள். நபி (ஸல்) வேறொருவனைக் காட்டினார்கள். தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வருவான். ஆனால் ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன்மேல் பழி போட்டிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான். அவன் நன்மைகளை எடுத்து அவர்களுக்குப் பங்கு போடுவார்கள். நன்மை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏறும். இது முஸ்லிமில் உள்ள செய்தி. சஹருக்கு எழுந்து, நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, இரவில் நின்று தொழுது சேர்த்த ரமலான் முழுவதும் இன்னொருவன் கணக்குக்குப் போய்விடும் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

இதை நம் பகுதிக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டுவதற்கு முன்பே அங்கே முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட பழைய ஊரில் ஒருவருக்குத் துரோகம் செய்துவிட்டுத் தப்ப முடியாது. ஏரிக்கரையில் பார்ப்பார், ஜும்ஆவில் பக்கத்து வரிசையில் நிற்பார், மையித்து வீட்டில் எதிரே உட்காருவார். அவர் முகமே நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும். அவர் போய்விட்டாலும் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க" என்று கேட்கும் வழக்கம் அப்படிப்பட்ட ஊர்களின் வழக்கம். கேட்க வேண்டியவர் எல்லோரும் நடக்கும் தூரத்தில் இருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை அப்படியில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று எங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ரோலிங் மில்லில், ஃபர்னஸில், ஸ்கிராப் யார்டில் வேலை செய்கிறார்கள். லைன் வீட்டில் ஒரே ரூமில் பலர் தங்குகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தங்கைக்குக் கல்யாணம் என்றோ நாற்று நடவு என்றோ பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் முழுப் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. ஃபோன் நம்பர் மாறிவிடுகிறது. அவர்களுக்கு நாம் செய்த அநியாயம் மட்டும் இங்கேயே, நம் ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. உரிமை என்று வரும்போது அந்த வேறுபாடு கிடையாது. யாருடைய கூலியானாலும் கூலிதான்.

என் உழைப்புக் காலமெல்லாம் டைம் ஆபீஸில் கழிந்தது. வருகைப் பதிவேடும் ஓ.டி. கணக்கும் என் கையில் இருந்தன. சம்பளம் எங்கே எப்படிக் குறைகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுப் பத்து மணி நேரம் எழுதுவார்கள். பாதி மாதத்தில் ஊருக்குப் போகிறவனிடம், "திரும்பி வந்து வாங்கிக்கோ" என்பார்கள். திரும்பி வரமாட்டான் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். பி.எஃப். பிடித்திருப்பார்கள், கட்டியிருக்க மாட்டார்கள். லைன் வீட்டு அட்வான்ஸைக் கேட்டால் சுண்ணாம்பு அடித்த செலவு, உடைந்த குழாய் என்று கழித்துக் கழித்து ஒன்றுமில்லாமல் செய்வார்கள். மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும், ஆயிரம் பேரும் அதற்கு மேலும் இருந்தால் பத்தாம் தேதிக்குள், வேலையிலிருந்து நிறுத்தினால் இரண்டாவது வேலை நாளுக்குள் என்று 1936-ஆம் வருடத்துச் சட்டமே சொன்னது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) சொன்னது அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன். ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காடுவான் என்று புகாரியில் வருகிறது. அந்த வழக்கில் நமக்காகப் பேச யார் வருவார்?

கூலி வாங்காமல் போன தொழிலாளியைப் பற்றி ஹதீஸில் ஒரு வரலாறே இருக்கிறது. மழைக்காக மூன்று பேர் ஒரு குகைக்குள் ஒதுங்கினார்கள். பாறை உருண்டு வந்து வாயிலை அடைத்துக்கொண்டது. அவரவர் அல்லாஹ்வுக்காகச் செய்த தூய செயலைச் சொல்லிப் பிரார்த்தித்தார்கள். முதலாமவர் பெற்றோரைப் பேணியதைச் சொன்னார். இன்னொருவர் தனியே கிடைத்த வாய்ப்பிலும் பாவத்தை விட்டு விலகியதைச் சொன்னார். மற்றவர் ஒரு முதலாளி. வேலை செய்த ஒருவன் தன் கூலித் தானியத்தை வாங்காமல் போய்விட்டான். முதலாளி அதை விதைத்தார், விளைந்ததில் மாடு வாங்கினார், அது மந்தையாகப் பெருகியது. காலம் கடந்து அந்த ஆள் வந்து, அல்லாஹ்வுக்குப் பயந்து என் கூலியைக் கொடு என்று கேட்டான். அந்த மந்தையை ஓட்டிக்கொண்டு போ என்றார் இவர். என்னைக் கேலி செய்யாதே என்றான் அவன். கேலி இல்லை, எல்லாம் உன்னுடையதுதான் என்றார். அவன் ஒன்றையும் விடாமல் ஓட்டிப் போனான். அதைச் சொன்னதும் பாறை முழுதாக விலகியது.

இந்த வரலாற்றைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். நம் ஊரில் இருந்துகொண்டு கேட்கும்போது அது வேறு கனத்தோடு வந்து விழ வேண்டும். அந்த முதலாளிக்குச் சாட்சி யாரும் இல்லை, பதிவேடு இல்லை, தொழிலாளர் அதிகாரி இல்லை. கூலிக்காரன் கேட்டது ஒரு சிறு அளவு தானியத்தை. அதை மட்டும் கொடுத்திருந்தாலும் அவன் மகிழ்ந்து போயிருப்பான். ஆனால் அவன் கூலியில் வளர்ந்தது அவனுக்கே உரியது என்று அவர் மனம் சொன்னது. குகை வாயில் முழுதாகத் திறந்தது, ஒரு கூலிக்காரனின் கணக்கை நேர்மையாக முடித்ததைச் சொன்ன பிறகுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு லோடிங் காண்ட்ராக்டர் இருந்தார். பெரிய ஆலிம் இல்லை, அதிகம் பேசவும் மாட்டார். ஒவ்வொரு ஷஃபானிலும் இஷாவுக்குப் பிறகு பழைய நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். அந்த வருடம் கணக்கு முடிக்காமல் போனவர்கள் பெயரை எழுதி, ஒவ்வொருவராகத் தேடுவார். மால்டா பக்கத்து ஆள் ஒருவருடைய நம்பர் வேலை செய்யவில்லை. அதே ஊர்க்காரர்களைப் பிடித்து விசாரித்தார். கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்தது. மச்சான் மூலமாக நம்பர் வாங்கிப் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் அந்த வருடத்துத் தராவீஹுக்கு வந்து நின்றார். அந்தப் பையன் அதை மறந்தே போயிருந்தானாம். "அவன் மறந்துட்டான், எழுதுறவங்க மறக்க மாட்டாங்களே பாய்" என்றார் என்னிடம். இடது தோளிலும் வலது தோளிலும் இருந்து எழுதும் வானவர்களைத்தான் சொன்னார்.

அப்படித் தேடுவதற்கும் காலக்கெடு உண்டு என்பதை இரண்டு சம்பவங்கள் எனக்குக் காட்டின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் பெட்டியும் பிள்ளையுமாக நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களில் கடைசிச் சம்பளம் கைக்கு வராமல் நடந்தவர்கள் பலர். அந்த வருடம் ஏப்ரல் 25-ஆம் தேதி நோன்பு பிறந்தபோது பள்ளிவாசல்கள் பூட்டிக்கிடந்தன. வீட்டுக்குள் தனியே தராவீஹ் தொழுதபோது எத்தனை பேருக்கு அந்தச் சம்பள பாக்கி நினைவுக்கு வந்திருக்கும் என்று தெரியாது, வந்திருக்க வேண்டும். பிறகு 2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கும்மிடிப்பூண்டியைக் கடந்து சென்னைக்குப் போகிற வண்டி அது. தெற்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். "திரும்பி வந்து வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்புகிற ஒவ்வொருவரும் அந்த வண்டியை நினைக்க வேண்டும். திரும்பி வருவது அவன் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை.

தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால்? மார்க்கம் வழி வைத்திருக்கிறது. இறந்திருந்தால் வாரிசுகளைத் தேடிக் கொடுக்க வேண்டும். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் ஒருவரிடம் வாங்கியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. விற்றவர் எங்கோ போய்விட்டார். ஓராண்டு தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பணத்தைச் சிறிது சிறிதாக ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். இதன் நன்மை அவருக்கு, அவர் வந்து கேட்டால் நன்மை எனக்கு, கடன் என் பொறுப்பு என்ற நிய்யத்தோடு கொடுத்தார்கள். இமாம் கஸ்ஸாலியும் இஹ்யாவில் தவ்பாவைப் பற்றிய பகுதியில், உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாத பொருளை அவர் பேரில் தர்மம் செய்யச் சொல்கிறார். ஆனால் முதலில் தேட வேண்டும். ஓராண்டு தேடியவர்கள் அவர்கள். நாம் ஒரு ஃபோன் போட்டுப் பார்த்து, எடுக்கவில்லை என்று உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது.

கூலி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஸ்கிராப் லாரி எடைமேடையில் ஏறி நிற்கிற ஊர் இது. அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குகிற அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. அது 83-ஆம் அத்தியாயம். வாங்கும்போது முழுசாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களை அது பேர் சொல்லாமல் நிறுத்தி விசாரிக்கிறது. எடைச் சீட்டில் கை வைக்கிறவர் நோன்பு வைத்துக்கொண்டு வைத்தாலும் அது திருட்டுத்தான்.

இன்னொன்று நிலம். சிப்காட் வந்த பிறகு, தேர்வாய் கண்டிகை, மாநெல்லூர் என்று விரிந்த பிறகு, ஒன்றுக்கும் ஆகாது என்று கிடந்த மேட்டு நிலம் எல்லாம் விலை ஏறியது. விற்கும்போது அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அக்கா தங்கைக்கு, "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டோமே" என்று பதில் சொன்னார்கள். நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் தானே பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறான். ஆணுக்கு இரண்டு பங்கு என்றால் பெண்ணுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கையும் வைத்துக்கொள்ள நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கல்யாண நகை அன்பளிப்பு. வாரிசுரிமை கடன். அக்கா கேட்கவில்லை என்பதால் அது தீர்ந்துவிடாது. உறவு முறிந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் இருக்கிறாள். பிறந்த வீட்டு வாசல் வேண்டும் என்பதற்காகத் தன் உரிமையை விழுங்கிக்கொண்டவளிடமிருந்து நம் மன்னிப்பைத் தொடங்குவோம்.

நாக்கு அடுத்தது. "வடக்கன்" என்று சொல்லி ஒரு மனிதனை ஒதுக்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. டீக்கடையில், ஷிப்டு மாறுகிற கேட்டில், பள்ளிவாசல் வாசலில்கூட அது காதில் விழுகிறது. அபூதர் (ரலி) ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். நபி (ஸல்) கண்டித்தார்கள். அறியாமைக் காலத்துக் குணம் உன்னிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று உணர்த்தினார்கள். உங்கள் ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்குக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்று சொன்னார்கள். அதன் பிறகு அபூதர் (ரலி) என்ன செய்தார்கள் தெரியுமா? தம் ஊழியருக்கும் தமக்கும் ஒரே மாதிரி உடை எடுத்துக்கொண்டார்கள். பார்த்தவர் காரணம் கேட்டபோது தம் தவறையே சொன்னார்கள். நாக்கால் செய்த பாவத்துக்கான தவ்பாவை வாழ்நாள் முழுக்க உடம்பில் அணிந்துகொண்டார்கள். 2019-இல் நோன்பு மே மாதம் வந்தது, கத்திரி வெயில். ஃபர்னஸ் முன்னால் நின்று நோன்பு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஷிப்டு மாற்றிக்கொடுத்த சூப்பர்வைசர்களும் இருந்தார்கள், "நோன்பு வச்சா வீட்ல இரு" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. ரமலான் நெருங்கினால், "என்னையறியாமல் ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எல்லோருக்கும் போகிறது. அனுப்புகிறவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் நாம் உண்மையில் யாருக்கு அநியாயம் செய்தோமோ, அவர் பெரும்பாலும் அந்தக் குழுவில் இருக்க மாட்டார். இருந்தாலும் அவர் எதிர்பார்ப்பது பொதுவான ஒரு வரியை அல்ல. என்ன செய்தோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

சாக்குச் சொல்லக் கூடாது. ஹிஜ்ரி 9-இல் தபூக் படையெடுப்புக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம் காரணம் கேட்கப்பட்டது. எண்பதுக்கும் அதிகமானோர் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பினார்கள். கஅப், எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை, அப்போதுதான் நான் எப்போதையும்விட வலிமையாகவும் வசதியாகவும் இருந்தேன் என்று உண்மையைச் சொன்னார்கள். அவர்களைப் போலவே உண்மை சொன்ன இன்னும் இருவரோடு சேர்ந்து ஐம்பது நாள் ஊர் பேசாமல் ஒதுக்கிவைத்தது. பூமி குறுகிப்போன வேதனை அது. அதற்குப் பிறகு வந்த மன்னிப்பு குர்ஆன் வசனமாகவே வந்தது, தவ்பா அத்தியாயத்தில் இன்றும் ஓதுகிறோம். சாக்குச் சொன்னவர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பது. முதலாளி தொழிலாளியைக் கூப்பிட்டு, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதப்பா, மாஃப் பண்ணிடு" என்றால் அவன் என்ன சொல்வான்? "பரவாயில்ல சேட்" என்பான். நாளை வேலை வேண்டும், ரூம் வாடகை கட்ட வேண்டும், வேறு என்ன சொல்ல முடியும்? பயத்தில் சொன்ன அந்த வார்த்தையை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நாம் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. பாக்கியை அவன் கையில் வைத்த பிறகு கேட்டால் அவனுக்குச் சுதந்திரம் இருக்கிறது. அப்போது அவன் பொறுத்தால் அது மன்னிப்பு. பொறுக்கவில்லை என்றாலும் அவன் உரிமை. நம் பங்கை நாம் செய்துவிட்டோம், மீதியை அல்லாஹ்விடம் கேட்போம். மனைவியிடம் கேட்பதிலும், மருமகளிடம் கேட்பதிலும், வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் கேட்பதிலும் இதே நியாயம்தான். பலம் உள்ளவர் மன்னிப்புக் கேட்கும்போது அது கட்டளையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்கப்படுகிறவர்களுக்கும் ஒரு சொல். அபூபக்ர் (ரலி) அவர்களின் உதவியில் வாழ்ந்த உறவினர் மிஸ்தஹ். அன்னை ஆயிஷா (ரலி) மேல் அவதூறு பரப்பப்பட்டபோது அவரும் அதில் சேர்ந்துகொண்டார். இனி அவருக்கு எதுவும் தரமாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். அப்போது நூர் அத்தியாயத்தின் வசனம் இறங்கியது. அல்லாஹ் உங்களை மன்னிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பமாட்டீர்களா என்ற பொருளில் கேட்டது. விரும்புகிறேன் என்று சொல்லி அபூபக்ர் (ரலி) உதவியை மறுபடியும் தொடங்கினார்கள். பெற்ற மகளின் மானம் பற்றிய காயத்தையே அவர்கள் பொறுத்தார்கள். வரப்புத் தகராறு, கல்யாண வீட்டில் மரியாதை குறைந்தது, பத்திரிகையில் பெயர் போடாதது என்று நாம் வைத்திருக்கும் மனத்தாங்கல்கள் எந்த அளவு?

இவ்வளவு சொன்னதால் யாரும் மனம் உடைந்துவிட வேண்டாம். நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது எவ்வளவு பெரியதானாலும் அவன் அருளுக்கு முன் பெரிதில்லை. தமக்கே அநியாயம் செய்துகொண்ட அடியார்களை நம்பிக்கை இழக்காதீர்கள் என்று ஸுமர் அத்தியாயத்தில் அவனே அழைக்கிறான். நூறு பேரைக் கொன்றவன் மன்னிப்பைத் தேடி நடந்து வழியிலேயே இறந்தபோது, நல்ல ஊருக்கு அவன் நெருங்கியிருந்த ஒரு சாண் தூரத்துக்காக அருள் கிடைத்தது என்று ஹதீஸ் சொல்கிறது. குடி, சூது, தொழுகையை விட்டது, தனிமையில் செய்த எதுவானாலும் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. அல்லாஹ் மறைத்ததை நாம் திறக்கக் கூடாது. இரவில் எழுந்து அவனிடம் மட்டும் சொல்லுங்கள். உயிர் தொண்டைக்குழியை எட்டும்வரை அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் மனிதர்களின் கதவு அப்படியில்லை. ரயில் புறப்பட்டதும் அது மூடிக்கொள்ளக்கூடும்.

அதனால் என் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும், சிப்காட்டில் வேலை செய்கிற, வேலை கொடுக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். இந்த ஷஃபான் முடிவதற்குள் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். பாக்கி இருப்பவர்கள், பங்கு கிடைக்காதவர்கள், மனம் நொந்தவர்கள், பேச்சு நின்றுபோனவர்கள். அவர்களில் ஊரைவிட்டுப் போகக்கூடியவர் யாரோ, அவரிடம் முதலில் போங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், மொத்தமாக முடியாவிட்டால் தவணை சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் தேடத் தொடங்குங்கள், தேடுவதும் தவ்பாதான். ஜமாஅத் பெரியவர்கள் கஞ்சி நோட்டுப் போடும் அன்றே, கூலிப் பிரச்சினையும் குடும்பப் பிரச்சினையும் பேசித் தீர்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள். பொய்யையும் அநியாயத்தையும் விடாதவன் உணவையும் தண்ணீரையும் விட்டு என்ன பயன் என்று நபி (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். பிறர் உரிமையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கிற பட்டினி அல்லாஹ்வுக்குத் தேவையில்லை. அதை இறக்கிவைத்துவிட்டு வருகிறவனுக்கு ரமலான் முழுவதும் அவனுடையதாகவே இருக்கும்.